ஒன்று எடுத்தால் ஒன்று போடவும்

ஜூலை 2

கப்பல் இந்த வாரமும் இல்லை. கடல் ஆடுகிறதாம், துறைமுக ஜெட்டியில் கப்பலைக் கட்ட முடியாதாம். ஹெலிகாப்டர் உயிர் போகிற கேஸுக்கு மட்டும். ஆக, பதினான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இந்தத் தீவில் நான், மழை, அரிசி, பருப்பு. வெங்காயம் தீர்ந்து நான்கு நாளாகிறது.

இன்று ஆஸ்பத்திரியில் என் எக்ஸ்ரே அறைக் கம்ப்யூட்டர் செத்துப்போனது. மெஷினுக்கு ஒன்றுமில்லை. ஆனால் தகட்டில் விழுவதைப் படமாக்கிக் காட்டுவது கம்ப்யூட்டர்தான். காலையில் இரண்டு முறை டக் டக்கென்றது, அதோடு சரி. உப்புக் காற்று. இந்த ஊரில் எதுவும் மூன்று வருஷத்துக்கு மேல் தாங்காது. எனக்கு இந்த ஆகஸ்டோடு மூன்று வருஷம் முடிகிறது. போர்ட் பிளேயர் மாற்றல் பட்டியலில் என் பெயர் ஏழாவது என்று தலைமை அலுவலகத்து நண்பர் சொல்லியிருக்கிறார். மனைவியும் மகளும் அங்கே இருக்கிறார்கள். பட்டியல் வரும்வரை என் மேல் ஒரு தூசி விழக் கூடாது.

டாக்டர் பெனாசிர் கேட்டார். ஆஸ்பத்திரியின் ஒரே டாக்டர், முப்பது வயதுகூட இருக்காது.

"சற்குணம் சார், சாஃப்ட்வேர் பேக்கப் இருக்குல்ல?"

"பீரோவுல பத்திரமா இருக்கு மேடம்" என்றேன்.

ஜூலை 3

பிறப்பு இறப்புப் பதிவுக்கு வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து மெஷினோடு இணைத்தேன். இனி அதில் எக்ஸ்ரே சாஃப்ட்வேரை ஏற்ற வேண்டும். கம்பெனிக்காரர்கள் அதை சிடியாகத் தரவில்லை, இமேஜ் ஃபைலாகத் தந்தார்கள். ஒரு சிடியில் உள்ளது அத்தனையையும் ஒரே ஃபைலாகச் சுருட்டிவைத்தால் அதுதான் இமேஜ். அதை மவுன்ட் செய்தால், உள்ளே நிஜமாகவே சிடி போட்டுவிட்டார்கள் என்று கம்ப்யூட்டர் நம்பிக்கொள்ளும். அத்தனை வெகுளி. பீரோவிலிருந்த பென் டிரைவைச் செருகிப் பார்த்தேன். மவுன்ட் ஆகவில்லை.

பதினொரு மணிக்கு யோகமணியைத் தூக்கிவந்தார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற பெண். நாற்பது வயதிருக்கும். சரிவில் வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறார். மணிக்கட்டுக்கு மேலே கை கரண்டிபோல் வளைந்திருந்தது. கூடவே அவர் மகள் நிரோஷா, முழுக்க நனைந்து நின்றாள். டாக்டர் மரத்துப்போகும் ஊசி போட்டு, நானும் வார்டு உதவியாளர் சிங்காரமும் பிடித்துக்கொள்ள, இழுத்து நேராக்கி மாவுக்கட்டு வைத்தார்.

வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "படம் இல்லாம குத்துமதிப்பா வச்சிருக்கேன் சார். நேரா உட்கார்ந்துச்சான்னு படத்துலதான் தெரியும். ரெண்டு வாரத்துக்குள்ள பாத்துட்டா, கோணலா இருந்தாக்கூட மறுபடி இழுத்து வச்சிரலாம். அதுக்கப்புறம் எலும்பு கூடிரும். கையைத் திருப்ப முடியாது."

"நாளைக்கே முடிச்சுடறேன் மேடம்."

ஜூலை 4

முடியவில்லை.

இந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டருக்குத் தானாக மவுன்ட் செய்யத் தெரியாது. பள்ளித் தலைமையாசிரியர் லேப்டாப்பிலிருந்து அதற்கென்று ஒரு இலவச சாஃப்ட்வேர் வாங்கிவந்தேன். ஏற்றினால், அதோடு வரும் டிரைவர் என்கிற குட்டி நிரலில் 'கம்பெனிக் கையெழுத்து இல்லை, அனுமதிக்க முடியாது' என்கிறது. ரீஸ்டார்ட். கையெழுத்துச் சோதனையை நிறுத்திவிட்டு மறுபடி ஏற்றினேன். ஏறியது. ஆனால் சிடி டிரைவ் என்று ஒன்று எங்கும் தெரியவில்லை. ரீஸ்டார்ட். பழைய டிரைவரின் மிச்சம் உள்ளே கிடந்து புதியதை வரவிடாமல் தடுக்கிறது என்று தோன்றியது. அதைத் தேடி அழித்தேன். ரீஸ்டார்ட். மொத்தம் பதினொன்று எண்ணினேன். ஒவ்வொன்றுக்கும் ஆறு நிமிஷம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தத் தீவில் கம்ப்யூட்டர் விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஜூன் மாதம் லீவிலிருந்து வந்தபோது ஒரு ஹார்ட் டிஸ்க் நிறையப் படங்களும் சீரியல்களும் கொண்டுவந்தேன். இங்கே நெட் என்பது பெயருக்குத்தான். அன்றிலிருந்து அந்த டிஸ்க் வீடு வீடாகப் போகிறது. ஒரு வீட்டில் இரண்டு நாள். அதன் மேல் நானே காகிதம் ஒட்டியிருக்கிறேன்: 'ஒன்று எடுத்தால் ஒன்று போடவும்.' பார்த்த படத்துக்குப் பதிலாக ஏதாவது ஒன்றை அதில் சேர்க்க வேண்டும். கல்யாண வீடியோ, சாமி ஊர்வலம், எதுவானாலும் சரி. எல்லோரும் ஒழுங்காகச் செய்கிறார்கள். 'எக்ஸ்ரே சார் சட்டம்' என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது.

ஜூலை 5

மவுன்ட் ஆகிவிட்டது. பிழை என்னவென்றால், பென் டிரைவிலிருந்து நேராக மவுன்ட் செய்யக் கூடாது. ஃபைலை முதலில் கம்ப்யூட்டருக்குள் நகலெடுத்து, பெயரைச் சுருக்கி, அப்புறம் செய்ய வேண்டும். மூன்று நாள் உயிரை வாங்கியது இவ்வளவுதான். சிங்காரம் டீ கொண்டுவந்து, "சார் நெனச்சா நடக்காததா" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதல் இமேஜ் ஏறியது. இரண்டாவதும் ஏறியது. நீலக் கோடு அறுபத்தெட்டு சதவீதம் வந்ததும் நின்று, 'மூன்றாவது டிஸ்க்கைப் போடவும்' என்றது.

பென் டிரைவில் இருப்பது இரண்டுதான்.

ஜூலை 6

கம்பெனிக்காரர்கள் இரண்டைத்தான் கொடுத்திருப்பார்கள். அவர்கள் வேலை அப்படித்தான் இருக்கும். ஆஸ்பத்திரி மாடியில் ஒரு மூலையில் மட்டும் சிக்னல் கிடைக்கும். குடையோடு நின்று சென்னைக்குப் பேசினேன்.

"மூணு இமேஜ் சார்" என்றான் அந்தப் பையன். "மூணாவதுதான் பெருசு, அஞ்சு ஜிபி. உங்க தகட்டோட அளவெல்லாம் அதுலதான் இருக்கு. அது இல்லாம ஏறாது. ஒரு ஹார்ட் டிஸ்க்ல போட்டுக் குடுத்துட்டு வந்தோமே, அதப் பாருங்க."

கூரியரில் அனுப்புகிறானாம். கூரியர் எதில் வரும், கப்பலில்தானே. நெட்டில் இறக்கலாமென்றால், இங்குள்ள வேகத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், நாற்பத்தோரு நாள்.

டாக்டர் கேட்டார்: "ஹார்ட் டிஸ்க்ல குடுத்ததுன்னா பென் டிரைவ் எப்படி வந்துச்சு?"

"பத்திரத்துக்காக மாத்தி வச்சது மேடம்."

"பீரோ சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு. சிங்காரத்துகிட்ட ஒண்ணு."

அது உண்மைதான். சிங்காரத்திடமும் ஒரு சாவி இருக்கிறது.

ஜூலை 7

மழை. இரண்டு சட்டை துவைத்துப் போட்டேன், காயவில்லை. மதியம் பருப்புத் துவையல்.

ஜூலை 8

எழுதிவிடலாம். இதை யார் படிக்கப் போகிறார்கள்?

லீவுக்குப் போகும்போது என்னிடம் இருந்த டிஸ்க் கெட்டுப்போயிருந்தது. பீரோவில் இருந்த ஆஸ்பத்திரி டிஸ்க் மூன்று வருஷமாகச் சும்மாதானே கிடந்தது. அதில் இருந்ததையெல்லாம் ஒரு பென் டிரைவில் நகலெடுத்து பீரோவில் வைத்துவிட்டு, டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போனேன். நகல் ஓடிக்கொண்டிருந்தபோது நடுவில் ஏதோ ஒரு பெட்டி வந்தது. கப்பலுக்கு ஜீப் காத்திருந்தது, ஹாரன் வேறு. நான் 'ஸ்கிப்' என்பதை அழுத்தினேன். அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அந்தப் பழைய ரக பென் டிரைவில் நான்கு ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைல் ஏறாது. மூன்றாவது இமேஜ் ஐந்து ஜிபி.

போர்ட் பிளேயரில் டிஸ்க் நிரம்பி வழியப் படம் ஏற்றிய பிறகு, ஜனங்கள் தங்களுடையதைப் போட இடம் வேண்டுமே என்று கடைசியாக அந்த ஃபோல்டரை அழித்தேன்.

ஆனால் அழித்த ஃபைல் உடனே போய்விடுவதில்லை. அந்த இடம் காலி என்று டிஸ்க் குறித்துவைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதன் மேல் வேறு ஒன்றை எழுதாதவரை பழையது அங்கேயே கிடக்கும், மீட்டுவிடலாம். அப்படியென்றால் யாரும் அந்த டிஸ்க்கில் இனி ஒன்றும் போடக் கூடாது.

எல்லோரும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். போடச் சொன்னவன் நான்.

ஜூலை 9

போனில் மீட்பு சாஃப்ட்வேரை இறக்கினேன். சின்னது, இருந்தும் காலையிலிருந்து மதியம்வரை ஆனது. பிறகு டிஸ்க்கைத் தேடிப் போனேன். தலைமையாசிரியர் வீட்டில், "அது போலீஸ் அவுட்போஸ்டுக்குப் போய் நாலு நாளாச்சே சார்" என்றார். அவுட்போஸ்டில், ரேஷன் கடைக்காரர் வாங்கிப் போய்விட்டாராம். ரேஷன் கடை பூட்டியிருந்தது. அவர் வீடு தோட்டத்துக்கு அந்தப் பக்கம், ஒன்பது கிலோமீட்டர். நடுவில் பாதை இடிந்து கிடக்கிறது.

எல்லா இடத்திலும் "சும்மா, ஒரு படம் பாக்கணும்" என்றுதான் சொன்னேன். 'அதில் எதுவும் போடாதீர்கள்' என்று சொல்ல ஒரு நொடி போதும். ஏன் என்று கேட்பார்கள். ஆஸ்பத்திரி டிஸ்க்கை எடுத்துப் படம் ஏற்றினான் என்பது டாக்டர் காதுக்குப் போகும். மெமோ வரும். மெமோ வந்தவன் பெயர் பட்டியலில் இருக்காது. இன்னும் மூன்று வருஷம் இதே ஜெட்டி, இதே பருப்பு. மகள் அதற்குள் பத்தாவதே முடித்துவிடுவாள்.

இரண்டொரு நாளில் அது எப்படியும் இந்தப் பக்கம் வந்துவிடும். அதுவரை ஒன்றும் ஆகாது.

ஜூலை 11

பாதை இடிந்ததால் வார்டிலேயே தங்கியிருக்கும் யோகமணியின் விரல்களை டாக்டர் அசைக்கச் சொல்லிப் பார்த்தார். வீக்கம் வடிந்திருக்கிறது. கட்டுக்குள் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, இருந்தாலும் எனக்குத்தான்.

யோகமணி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவருக்கு என் மேல் பெரிய நம்பிக்கை. "சார் விடமாட்டீங்கன்னு புள்ள சொல்லுது" என்றார். இடது கையில் ஒரு கரண்டியை எடுத்துக் காட்டினார். "கத்திய இப்புடிப் புடிச்சு, மணிக்கட்ட இப்புடித் திருப்பணும் சார். திருப்பாம நேரா இழுத்தா மரம் காயமாயிரும். பால் வராது. கங்காணி அன்னிக்கே வேற ஆள் போட்டுருவாரு."

நிரோஷா ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். போர்ட் பிளேயர் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அடுத்த கப்பலில் போக வேண்டும். குடும்பத்தில் யாராவது ஒருவர் தோட்ட வேலையில் இருந்தால்தான், தொழிலாளர்களுக்குத் தோட்டம் தருகிற லைன் வீடு தங்கும். யோகமணிக்குக் கணவர் இல்லை. இவ்வளவையும் ஒரு புகார்போல இல்லாமல் சொன்னார். நான் சீக்கிரம் எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 12

நாள் முழுக்க மழை. குவார்ட்டர்ஸை விட்டு வெளியே போகவில்லை. தலைவலி.

ஜூலை 13

டாக்டர் சிங்காரத்திடம் எழுத்து விளக்கம் கேட்டிருக்கிறார். பீரோவிலிருந்து ஆஸ்பத்திரி ஹார்ட் டிஸ்க் காணாமல் போனது எப்படி என்று. சிங்காரம் தினக்கூலி. பதினாறு வருஷமாக நிரந்தரமாக்குவார்கள் என்று காத்திருப்பவர். வெள்ளைத் தாளும் பேனாவுமாக என் அறைக்கு வந்தார்.

"எனக்கு இங்கிலீசு வராது சார். நீங்களே எழுதிக் குடுங்க. நான் எடுக்கலன்னு எழுதுங்க."

எழுதினேன். அவர் எடுக்கவில்லை என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "சார் இருக்கங்காட்டி எனக்குப் பயமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஜூலை 14

காலையில் ஓ.பி. தொடங்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். பென் டிரைவ், ஸ்கிப், படங்கள், காகிதம், எல்லாம். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்றுதான் கேட்டார்.

"எப்பலேருந்து தெரியும்?"

"எட்டாம் தேதியிலேருந்து."

"ஆறு நாள்" என்றார். பிறகு என்னைக் கடந்துபோய், அவுட்போஸ்டுக்கு போன் செய்தார்.

அரை மணி நேரத்தில் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஓட்டுநர் பக்கத்தில் என்னையே உட்காரவைத்தார்கள். நானே பேச வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. பேசினேன். "நான் எக்ஸ்ரே சற்குணம் பேசுறேன். பட டிஸ்க் யார் வீட்டுல இருந்தாலும் அதுல எதுவும் போடாதீங்க. எதையும் அழிக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க. அது ஆஸ்பத்திரி டிஸ்க். நான்தான் தெரியாத்தனமா எடுத்துட்டேன்." கடைத்தெருவில் ஒரு தடவை, பள்ளியில் ஒரு தடவை. இடிந்த பாதைவரை போய், அங்கிருந்து தோட்டத்து லைன்களைப் பார்த்து நான்கு தடவை. மூன்றாவது தடவையிலேயே 'தெரியாத்தனமா' என்பதை விட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு டிஸ்க் வந்தது. பால் வாளியில், பிளாஸ்டிக் பை சுற்றி, நனையாமல். கொண்டுவந்தவள் நிரோஷா. ரேஷன் கடைக்காரர் வீட்டிலிருந்து அது அவர்கள் லைனுக்குத்தான் போயிருக்கிறது.

"ஒரு படம்கூட இன்னும் பாக்கல சார்" என்றாள்.

ஜூலை 15

சிங்காரத்தின் விளக்கத்தை டாக்டர் கிழித்துப் போட்டார். என்னுடையதை நான் நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். பட்டியலில் ஏழாவது இடம் இனி யாருக்கோ. அதைப் பற்றி இன்று நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன், ஆனால் வலிக்கவில்லை.

மீட்பு சாஃப்ட்வேரை ஓட்டினேன். நான்கு மணி நேரம். அழித்த ஃபைல்களின் பட்டியல் வந்தது. மூன்றாவது இமேஜ் இருந்தது. பெயர் சரி, அளவு சரி. மீட்டேன். மவுன்ட் செய்தேன். ஒரே தடவையில் ஆகிவிட்டது. டிரைவ் வந்தது, உள்ளே ஃபோல்டர்கள் வந்தன. டாக்டர் பின்னால் வந்து நின்றார். சிங்காரம் யோகமணியை வாசல்வரை கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்.

அறுபத்தெட்டு. எழுபது. எண்பத்தொன்று. எண்பத்தொன்றில் நின்றது. 'ஃபைல் சேதமடைந்துள்ளது.' மறுபடி மீட்டேன், மறுபடி மவுன்ட் செய்தேன். எண்பத்தொன்று. வேறு முறையில் மீட்டுப் பார்த்தேன். எண்பத்தொன்று.

மீட்பு சாஃப்ட்வேரில், ஒரு ஃபைல் ஏன் முழுசாக வரவில்லை என்று அழுத்திக் கேட்கலாம். அழுத்தினேன். ஐந்து ஜிபியில் ஒரே ஒரு துண்டு மட்டும் போயிருந்தது. இத்தனை வீடு சுற்றியும் மற்ற எல்லாம் அப்படியே இருந்தது. அந்தத் துண்டின் மேல் இப்போது இருக்கும் ஃபைலின் பெயரும் எழுதியிருந்தது: 'அம்மா பால் வெட்டு'. போட்ட தேதி ஜூலை 12, மாலை 4.10.

திறந்து பார்த்தேன். இரண்டு நிமிஷம் நாற்பது நொடி. யோகமணி மரத்தடியில் நிற்கிறார். போன் கிட்டே போகிறது. வலது கை. மணிக்கட்டு திரும்பத் திரும்ப, பட்டை ஒரு மெல்லிய நாடாவாகச் சுருண்டு விழுகிறது, பின்னாலேயே பால் வருகிறது.

நிரோஷாவைக் கேட்டேன். "எங்க வீட்டுல போட வேற ஒண்ணும் இல்ல சார்" என்றாள். "போன வருஷம் எடுத்தது. போன்ல இடம் வேணும்னு அதுலேருந்து எடுத்து, படம் பாக்குறதுக்கு முந்தியே டிஸ்க்ல போட்டுட்டேன். சட்டம் இருக்குல்ல."

ஜூலை 16

நானே சொல்கிறேன் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் வார்டு வாசலில் நின்றார்.

யோகமணி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். கப்பல் இருபத்தாறாம் தேதிக்கு முன் இல்லை. அதற்குள் எலும்பு கூடிவிடும். போர்ட் பிளேயரில் ஆபரேஷன் செய்யலாம். கை பழையபடி திரும்புமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. ஒருவேளை குத்துமதிப்பாக வைத்ததே நேராக இருக்கலாம். விரல்களைப் பார்த்தால் டாக்டருக்கு அப்படித் தோன்றவில்லை. நிரோஷா போட்ட வீடியோ உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

"புள்ள அதப் போட்டன்னிக்கு, போடக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும். அதுக்கு நாலு நாளைக்கு முன்னாடியே தெரியும்."

கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு, "புள்ள எடுத்த அந்தப் படத்தக் காட்டுங்க" என்றார்.

என் போனில் காட்டினேன். இடது கையால் வாங்கிக்கொண்டு முழுசாகப் பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது தடவையும் பார்த்து முடித்துவிட்டு மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இத அழிச்சிராதீங்க சார். புள்ள போன்ல ஏத்திக் குடுங்க. நான் இனிமே வாயால சொல்லித்தான் குடுக்க முடியும், செஞ்சு காட்ட முடியாது. பாத்துப் பழகிக்கட்டும்."

ஏற்றிக் கொடுத்தேன். நிரோஷா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போனை அம்மாவும் பார்க்கும்படி சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"மொத வெட்டு எந்தப் பக்கம்மா தொடங்கணும்?" என்று கேட்டாள்.